காற்றின் பக்கம் பேசியவன்

நடுவர் மணியை அடித்துவிட்டார். நான் பேச்சை நிறுத்தவில்லை. மறுபடியும் அடிக்கக் கையைத் தூக்கினார். அதற்குள் கூட்டம் கைதட்டத் தொடங்கியிருந்தது. அவரும் சிரித்துக்கொண்டே மணியை மேசைமேல் வைத்துவிட்டு, இன்னும் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினார். சின்ன வெண்கல மணி, பூசையறையில் இருப்பது போன்றது. குற்றாலத்துச் சாரலில் நனைந்துவிடக் கூடாது என்று அதை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன், எதுவும் நினைவில் தங்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் என்ன பேசினேன், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், எந்தத் தூணில் மழைத்தண்ணீர் வடிந்தது என்பதெல்லாம் மட்டும் கண்முன் நிற்கிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் தென்காசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பௌதிக ஆசிரியர். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை வாசலில் வரிசை, டீசலுக்குப் பங்க் வாசலில் வரிசை. வரிசையில் தங்கள் இடத்தைக் காக்கச் செங்கல், ஓட்டை வாளி, பழைய செருப்பு என்று எதையாவது வைத்துவிட்டு ஆட்கள் நிழலுக்குப் போய்விடுவார்கள். எண்ணெய் எடுக்கிற நாடுகளுக்கு எங்கள் தெருவிலிருந்தே ஏழெட்டுப் பேர் போயிருந்தார்கள், எண்ணெய்தான் எங்கள் தெருவுக்கு வரவில்லை. உலகத்தில் பெட்ரோலியம் இன்னும் எத்தனை வருடத்துக்கு வரும் என்று டீக்கடையில் பேசாத ஆளில்லை. அதனால் அந்த வருடம் குற்றால சீசனில் உள்ளூர் வாசகர் மன்றம் ஒன்று பட்டிமன்றத் தலைப்பையே அப்படி வைத்துவிட்டது: எண்ணெய் தீர்ந்தபின் நம்மைக் காப்பது காற்றா, கதிரவனா, சாணமா? நாலாவதாக அருவியையும் சேர்க்கலாம் என்று மன்றத்தில் ஒருவர் சொன்னாராம். மெயினருவியைக் குழாயில் அடைக்கச் சொல்லி மேடையில் பேசினால் குளிக்க வந்தவர்கள் கல்லெடுப்பார்கள் என்று மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள்.

யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தோம். மூன்று துண்டுக் காகிதம், ஒரு எவர்சில்வர் டம்ளர். எனக்குக் காற்று வந்தது. சாணம் வந்திருந்தால் சாணத்துக்குப் பேசியிருப்பேன், அதே குரலில், அதே வேகத்தில். மேடையேறுகிறவர்களுக்கு இது தெரியும். வக்கீலுக்கு வழக்கு மாதிரி, கிடைத்த பக்கத்துக்கு வாதாடிவிட்டு, முடிந்ததும் மூன்று அணியும் ஒரே கடையில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்பார்கள். கேட்கிறவர்களுக்கும் இது தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய தப்பு என் வாழ்க்கையில் வேறு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்றைப் பற்றி அந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அதிகமில்லை. பள்ளி மொட்டைமாடியில் நாலு கொட்டாங்கச்சியைக் கம்பியில் கோத்து, சுழலும்படி ஒரு கருவி செய்துவைத்திருந்தேன். பையன்கள் தினமும் இரண்டு வேளை, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுவார்கள். வைகாசிக் கடைசியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால் கொட்டாங்கச்சிகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும், எண்ண முடியாமல் பையன்கள் திணறுவார்கள். புரட்டாசி தாண்டினால் தளர்ந்துவிடும். மாசி, பங்குனி, சித்திரைப் பக்கங்களில் வரிசையாக முட்டைதான். அந்த நோட்டை நான் பட்டிமன்றத்துக்கு எடுத்துப் போகவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டுப் போனேன் என்று சொன்னால் பொய்.

அத்தானைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். என் அக்காவின் கணவர். கீழப்பாவூருக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் செம்மண் நிலம், அதில் ஒரு கிணறு, நூற்று இருபது எலுமிச்சை மரம். மரம் என்று நான் சொல்லுகிறேன், அப்போது அவை இடுப்பளவு வளர்ந்த செடிகள்தாம், மூன்று வயது. இன்னும் இரண்டு கோடையைத் தாண்டினால் காய்க்கும். கோடை எலுமிச்சைக்கு மலையாள நாட்டில் என்ன கிராக்கி என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதை நம்பித்தான் அத்தான் நெல்வயலை விற்று இந்தச் செம்மண்ணை வாங்கினார். கரண்டு கேட்டு எழுதிக்கொடுத்து வருடக்கணக்காகியும் கம்பம் வரவில்லை. ஒரு பழைய டீசல் எஞ்சினை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். சைக்கிளின் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு டீசல் பங்க்குக்குப் போவதும், பாதி நாள் வெறும் கேனோடு திரும்புவதுமாக இருந்தார். அதிகம் பேசாத மனிதர். என்னிடம் எதற்கும் யோசனை கேட்டதில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், "மாப்ளே பௌதிக வாத்தியாரு" என்று என்னைக் காட்டுவார். பௌதிகம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

தம்பி பேசுகிறான் என்று அக்காதான் அவரை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஐந்தருவியில் குளித்துவிட்டு, மூன்றாவது வரிசையில், தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தார். பிற்பகல் நாலு மணி இருக்கும். மண்டபத்தின் தகரக் கூரையில் சாரல் இரைந்துகொண்டிருந்தது. கதிரவன் பக்கம் பேச வந்த தமிழாசிரியை எழுந்ததுமே ஒருவர், "அம்மா, அவரு இந்தப் பக்கம் வந்து நாலு நாளாச்சு!" என்று கத்த, பாவம், அந்த அம்மாள் கடைசிவரை மீளவில்லை. அடுத்தது நான். அன்றைக்குக் காற்று கூட்டத்தில் பாதிப்பேர் குடையை முறித்துப் போட்டிருந்தது. நான் முன்வரிசையிலிருந்து ஒரு முறிந்த குடையை வாங்கி உயர்த்திக் காட்டினேன். "உங்கள் குடைக்கம்பியை முறிக்கத் தெரிந்த காற்றுக்கு, உங்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்கத் தெரியாதா?" என்றேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அம்மியைத் தூக்குகிற காற்றுக்கு ஒரு வாளித் தண்ணீர் கனமா என்றேன். காற்றுக்கு ரேஷன் அட்டை உண்டா, காற்றுக்கு எந்தக் கப்பல் வர வேண்டும் என்றேன். அப்போதுதான் மணி அடித்ததும், கூட்டம் தட்டியதும், எனக்குக் கூடுதல் நேரம் கிடைத்ததும். அந்த நேரத்தில் புதிதாக எதையும் சொல்லவில்லை. அதையே இன்னும் உரக்கச் சொன்னேன்.

கடைசியாகச் சாணத்தின் பக்கம் பேச வந்தவர் கால்நடை மருத்துவர். வெளியூர்க்காரர், மேடைப் பழக்கம் இல்லாதவர். எத்தனை மாடு இருந்தால் அடுப்பு எரியும், எத்தனை இருந்தால் எஞ்சின் ஓடும், சாண எரிவாயுத் தொட்டியில் எந்த மாதம் வாயு குறையும் என்று ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். அவர் பக்கத்தின் குறைகளையும் அவரே வாசித்தார். கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அடுத்தபடி ஆட வேண்டிய கரகாட்டக்காரர்கள் சலங்கை கட்டித் தயாராக நின்றார்கள். ஏற்கெனவே நேரம் நெருக்கிவிட்டதால் நடுவர் டாக்டருக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே மணியை அடித்துவிட்டார். டாக்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். தீர்ப்பு காற்றின் பக்கம் வந்தது. எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அத்தான் என் பக்கத்தில் வந்து நின்றார். ஈரத்துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"மாப்ளே, நீ சொன்னதெல்லாம் நெசந்தானா?"

தோளில் பொன்னாடை. எதிரே போகிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். "பின்ன, பொய்யா சொல்லுதேன் அத்தான்?" என்றேன். நான் சொன்னது எதுவும் பொய் இல்லைதான். ஆனி, ஆடி, ஆவணியைப் பற்றிச் சொன்னேன், மற்ற மாதங்களைப் பற்றிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு பத்து மாதம் அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தென்காசியில் ஒரு பட்டறைக்காரரிடம் போய், எங்கோ வடக்கே நிற்கிற காற்றாடி ஒன்றின் படத்தைக் காட்டி, அதுபோலச் செய்யச் சொல்லியிருக்கிறார். மறு வருடம் வைகாசிக் கடைசியில் அக்காவிடமிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தேன். கிணற்றின் மேல் மூன்று கால் இரும்புக் கோபுரம், உச்சியில் வட்டமாகத் தகர இறக்கைகள், பின்னால் மீன்வால் போல ஒரு வால். எல்லாவற்றையும் கயிற்றால் கட்டி நிறுத்திவைத்திருந்தார்கள். நான் வந்துதான் அவிழ்க்க வேண்டுமாம். அவிழ்த்தேன். இறக்கைகள் ஒருமுறை முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தன, பம்பின் தண்டு ஏறி இறங்கியது, கொஞ்ச நேரத்தில் தொட்டியில் தண்ணீர் கொட்டியது. அக்கா குலவையிட்டாள். பட்டறைக்காரர் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அத்தான் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அப்போதுதான் கிணற்று மேட்டைக் கவனித்தேன். எஞ்சின் இருந்த சிமெண்ட் மேடை காலியாக, எண்ணெய்க் கறையோடு கிடந்தது.

"எஞ்சின் எங்க அத்தான்?"

"பட்டறைக்காரர்ட்டயே குடுத்தாச்சு. கூலில கழிச்சுக்கிட்டாரு. இனும அது எதுக்கு? காத்துக்கு கியூ நிக்கணுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மேடைப் பேச்சையே எனக்குத் திருப்பிச் சொல்லுகிறார். "ஒரு கோடையப் பாத்துட்டுக் குடுத்திருக்கலாம்" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். இறக்கைகளின் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. இரண்டாம் முறை நான் சொல்லவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பார்த்துக்கொண்டது. தைப்பொங்கலுக்குப் போனபோது இறக்கைகள் விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தன. மாசி பிறந்ததும் நின்றன. நின்றது நின்றதுதான். அத்தான் காலையில் எழுந்து வந்து காற்றாடியின் வாலைப் பார்ப்பார். ஒரு கை மண்ணை எடுத்து மேலே போடுவார், அது நேராக அவர் காலிலேயே விழும். பக்கத்து வயல்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள், அவர் முகம் அப்படி இருந்தது. வாடகைக்கு எஞ்சின் கேட்டு அலைந்தோம். எஞ்சின் வைத்திருந்தவர்களுக்கே டீசல் போதவில்லை, கிடைத்ததை அவரவர் கிணற்றுக்கு ஊற்றிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. எட்டிப் பார்த்தால் நம் தலையே தெரியும். தண்ணீர் வற்றிப்போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

ஊர் ஊராகப் போகிறவராயிற்றே, யாரிடமாவது சும்மா கிடக்கிற எஞ்சின் இருந்தால் தெரியும் என்று அந்தக் கால்நடை மருத்துவரைத் தேடிப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்து எஞ்சின் எங்கும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டே, "நீங்க காத்தைப் பத்திப் பேசினீங்களே, சார்" என்றார். "நான் கடைசியா ஒரே ஒரு கேள்விதான் கேக்கலாம்னு வச்சிருந்தேன். தையிலேருந்து சித்திரை வரைக்கும் இந்தக் காத்து எங்க போகும்னு. அதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க." கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் எடுத்துக்கொண்ட நிமிடம் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேள்வியை அவர் கேட்டிருந்தால் மூன்றாவது வரிசையில் இருந்த அத்தானுக்கும் கேட்டிருக்கும். வெளியே வந்து சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனேன்.

பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் போய் நானும் இறைத்தேன். கப்பியில் கயிறு போட்டு வாளிவாளியாக அத்தான் இறைப்பார், அவர் கை ஓய்ந்தால் நான் இறைப்பேன்; மற்ற நேரம் நானும் அக்காவும் குடத்தில் சுமந்து போய்ப் பாத்தியில் ஊற்றுவோம். செம்மண் ஒரு குடத்தை ஒரே வாயில் குடித்துவிடும். கடைசி வரிசையை முடித்துத் திரும்பினால் முதல் வரிசை சருகாக நிற்கும். கையெல்லாம் கொப்புளம் கட்டி உடைந்தது. மூன்று பேர் உடம்புச் சக்தியில் நூற்று இருபது மரத்தைக் காப்பாற்ற முடியாது என்பது எந்தப் பௌதிக வாத்தியாருக்கும் தெரிகிற கணக்குதான். நான் அதையும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் போய் ஒரு பழைய சேலையை எடுத்து வந்தாள். அதை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த மரங்களில் ஒவ்வொன்றாகக் கட்டினாள். நாற்பது மரம் வந்ததும் துணியும் தீர்ந்தது.

"ஏலே, இனும துணி கட்டினதுக்கு மட்டும் ஊத்து" என்றாள். "மத்ததைப் பாக்காத."

அத்தான் கயிற்றைப் பிடித்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பார்க்காமல் எப்படி இருப்பது? துணி இல்லாத மரங்களைத் தாண்டித்தான் துணி கட்டிய மரத்துக்குப் போக வேண்டியிருந்தது. இலை நுனி முதலில் சுருண்டது, பிறகு மடங்கியது, பிறகு தொட்டால் உதிர்ந்தது. குடத்தில் தண்ணீர் தளும்பி வழியில் கொஞ்சம் சிந்தினால், எந்த மரத்தடியில் சிந்தியதோ அதைப் பார்த்து மனசு கொஞ்சம் சந்தோஷப்படும். அதற்காகவே சில நேரம் தளும்பவிட்டுத் தூக்கினேன். அதை அக்காவும் கவனித்திருப்பாள்.

வைகாசிக் கடைசியில், சொல்லிவைத்தாற்போல், காற்று வந்தது. காற்றாடி இரவும் பகலும் சுற்றியது. தொட்டி நிரம்பி வழிந்து, செத்துப்போன எண்பது மரத்தின் வேரில் போய்ப் பாய்ந்தது. பார்க்கச் சகிக்காமல் அத்தான் ஏறி அதைக் கயிற்றால் கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த நிலத்துக்குக் கரண்டு வந்தது, ஆனால் அது நாலைந்து வருடம் கழித்து. நாற்பது மரம் காய்த்தது. அதை வைத்துப் பிழைத்தார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் இப்போது இல்லை. கீழப்பாவூரைத் தாண்டிக் கிழக்கே பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் பனைமரத்தைப் போலப் பல மடங்கு உயரத்துக்கு வெள்ளைக் காற்றாலைகள் நிற்கின்றன. பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம், அந்தக் காலத்தில் நம் ஆட்களுக்கு இந்த யோசனை வரவில்லை பாருங்கள் என்கிறார். நான் ஆமாம் என்று சொல்லிவைக்கிறேன். காற்று அன்றைக்கு வந்த மாதத்தில்தான் இன்றைக்கும் வருகிறது, நின்ற மாதத்தில் நிற்கிறது. அது நிற்கும்போது வேறு எங்கிருந்தோ கம்பி வழியாக மின்சாரம் வந்துவிடுகிறது. அத்தானுக்கு வேறு எங்கிருந்தும் எதுவும் வரவில்லை. தொலைக்காட்சியில் சூரியனா காற்றா என்று நாலு பேர் வாதாடுகிறார்கள். நான்கு பேரும் நன்றாகப் பேசுகிறார்கள். நான் ஒலியைக் குறைத்துவிடுகிறேன்.

மரங்கள் பட்டுப்போன அந்த வருட ஆனியில் ஒரு நாள் போனேன். அத்தான் காய்ந்த மரங்களை வெட்டி, முள்ளைக் கழித்து, விறகாக அடுக்கிக்கொண்டிருந்தார். சுவரோரம் இடுப்பளவு அடுக்கியாகிவிட்டது. அக்கா அதில்தான் உலை வைத்திருந்தாள். ஊரே மண்ணெண்ணெய்க்கு அலைந்த அந்த வருடத்தில் அவர்கள் வீட்டில் எரிக்கிறதற்குப் பஞ்சம் வரவில்லை. எலுமிச்சை விறகின் புகை வீடெல்லாம் மணத்தது. அத்தான் என்னைக் கண்டதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்குத் திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"மாப்ளே, ஒண்ணு கேக்குதேன், தப்பா நெனைக்காத" என்றார். "பக்கத்தச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தீகளாமே, அதுல ஒனக்குச் சாணம்னு வந்திருந்தா, சாணத்தையும் ஜெயிக்க வச்சிருப்பேல்லா?"

கீழே சரிந்து கிடந்த ஒரு விறகை எடுத்து அடுக்கின்மேல் வைத்தேன்.

"ஆமா, அத்தான்."

அவர் தலையை ஆட்டினார். பஸ் நிறுத்தத்தில் ஆட்டினாரே, அதேபோல. பிறகு குனிந்து அரிவாளை எடுத்து, அடுத்த மரத்தை வெட்டப் போனார்.